வேலையை விட்டார், வீம்பை விடலை! - துட்டன்காமனைக் கண்டெடுத்த ஹோவர்டு கார்ட்டரின் கதை

2025 பிப்ரவரியில் அந்தச் செய்தி உங்க போனிலும் வந்திருக்கும். எகிப்தின் லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில், மலை இடுக்கில் ஒரு கல்லறை. வாசல் கண்ணில்பட்டது 2022 அக்டோபரில். யாரோ ஒரு ராணியுடையதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நீலநிறக் கூரை, அதில் மஞ்சள் நட்சத்திரங்கள். உடைந்த ஜாடித் துண்டுகளில் இருந்த பெயரைப் படித்த பிறகுதான் உறுதியானது. அது இரண்டாம் துட்மோஸ் என்ற பாரோவின் கல்லறை. வயசு சுமார் 3,500 வருஷம். ஒருகாலத்தில் வெள்ளம் புகுந்த இடம் என்பதால் உள்ளே பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

1922-ல் துட்டன்காமன் கிடைத்த பிறகு ஒரு பாரோவின் கல்லறை கிடைப்பது இதுவே முதல்முறை என்று எல்லோரும் எழுதினார்கள். முழுசா சரின்னு சொல்ல முடியாது. நடுவில் டானிஸ் என்ற இடத்திலும் பாரோக்களின் கல்லறைகள் கிடைத்தன. ஆனால், அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, உலகம் அதைக் கண்டுக்கவே இல்லை. அதனால் லக்சர் வட்டாரத்தில் முதல்முறை என்று திருத்திப் படிச்சுக்கலாம்.

சரி, அந்த 1922-க்குப் பின்னால் இருந்த மனுஷன் யாரு? பட்டம் வாங்காத, பெரிய பள்ளிப்படிப்பும் இல்லாத ஒரு ஓவியர். பேர், ஹோவர்டு கார்ட்டர்.

1874-ல் லண்டனில் பிறந்தவர். வளர்ந்தது நார்ஃபோக் பக்கம் ஒரு சின்ன ஊரில். அப்பா, விலங்குகளை வரைவதில் பேர் வாங்கிய ஓவியர். பணக்காரர்களின் குதிரைகளையும் நாய்களையும் வரைந்து கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியவர். நிறைய பிள்ளைகள் உள்ள வீடு, அதில் கடைக்குட்டி கார்ட்டர். உடம்பும் அவ்வளவு தெம்பில்லை. அதனால் அப்பாவிடம் வரையக் கற்றுக்கொண்டதுதான் அவருக்குப் பெரிய படிப்பு.

பக்கத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற பணக்காரக் குடும்பத்தின் மாளிகை. அங்கே எகிப்தியப் பழம்பொருள்கள் குவிந்து கிடந்தன. பையனின் கை சுத்தமாக வரைவதைப் பார்த்த அந்த வீட்டம்மா, எகிப்தில் சுவரோவியங்களைப் படியெடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர்களிடம் சிபாரிசு செய்தார். 1891-ல் கப்பல் ஏறியபோது கார்ட்டருக்கு வயசு 17. கேமரா இருந்தும் இதுக்கு எதுக்கு ஓவியர்னு கேட்கலாம். அன்றைய கேமரா வண்ணத்தைப் பிடிக்காது. இருட்டுக் கல்லறைக்குள் கோடு கோடாகப் பார்த்து வரைய ஆள்தான் வேண்டும்.

அடுத்த வருஷமே ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற பெரிய ஆய்வாளரிடம் மண் தோண்டும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு சில வருஷங்கள் ராணி ஹட்செப்சுட்டின் கோயிலில் சுவர் சுவராக வரைந்தார். 25 வயசில், தெற்கு எகிப்தின் தொல்பொருள்கள் அத்தனைக்கும் தலைமை ஆய்வாளர் பதவி. மன்னர்களின் பள்ளத்தாக்குக் கல்லறைகளுக்கு மின்விளக்கு போட்டவர் இவர்தான்.

செட்டில் ஆகிட்டாருன்னு நினைப்பீங்க. அங்கேதான் விழுந்தது அடி.

1905 ஜனவரி. அப்போது அவருக்கு வடக்கே சக்காராவில் பொறுப்பு. குடித்துவிட்டு வந்த பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் கூட்டம் ஒன்று, டிக்கெட் விஷயத்தில் தகராறு செய்து எகிப்தியக் காவலாளிகள் மீது கை வைத்தது. விஷயம் கேள்விப்பட்டு வந்த கார்ட்டர், திருப்பி அடித்துத் தற்காத்துக்கொள்ள காவலாளிகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரனை ஓர் எகிப்தியன் அடிக்கலாம் என்று ஓர் ஆங்கிலேய அதிகாரியே சொல்வதா? தூதரகம் வரைக்கும் போனது பஞ்சாயத்து. ஒரு மன்னிப்பு கேட்டால் போதும், முடிச்சுடலாம் என்று மேலதிகாரி மாஸ்பெரோ கெஞ்சாத குறை. கார்ட்டர் அசையவில்லை. தன் காவலாளிகள் பக்கம்தான் நியாயம் என்று நின்றார். தண்டனையாக டான்டா என்ற ஊருக்குத் தூக்கியடித்தார்கள். சில மாதங்களில் வேலையை உதறிவிட்டார்.

அடுத்த மூன்று வருஷம் பாவம்தான். தலைமை ஆய்வாளராகச் சுற்றிய அதே லக்சரில், சுற்றுலாப் பயணிகளுக்கு வாட்டர்கலர் படம் விற்றும், வழிகாட்டியாக அலைந்தும் பிழைத்தார். பழம்பொருள் வாங்கி விற்கும் வேலையும் பார்த்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வரும்.

மாஸ்பெரோ கைவிடவில்லை. கார் விபத்தில் அடிபட்டு, குளிர்காலத்தை வெயில் நாட்டில் கழிக்க எகிப்துக்கு வந்துகொண்டிருந்த கார்னர்வோன் பிரபுவிடம் சேர்த்துவிட்டார். பிரபுவிடம் காசு இருந்தது, கார்ட்டரிடம் கை இருந்தது.

மன்னர்களின் பள்ளத்தாக்கைத் தோண்டும் உரிமை அப்போது தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் கையில். இனி இங்கே எதுவுமே மிச்சமில்லை என்று முடிவுகட்டி, 1914-ல் அவர் விட்டுக்கொடுத்த பிறகுதான் அது கார்னர்வோன் கைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், துட்டன்காமன் பெயர் எழுதிய ஒரு கோப்பை, அவரைப் புதைத்தபோது பயன்படுத்திய துணிகளும் பானைகளும் கிடந்த ஒரு குழி எல்லாமே டேவிஸின் ஆட்கள் தோண்டியெடுத்தவை. அதன் அர்த்தம் அவருக்குப் புரியவில்லை. இந்த ராஜா இங்கேதான் எங்கேயோ இருக்கார் என்று கார்ட்டர் பிடித்துக்கொண்டார்.

உடனே முதல் உலகப் போர். தோண்டும் வேலை பெரும்பாலும் நின்றது. ஆனாலும் கார்ட்டர் சும்மா இருக்கவில்லை. 1916-ல் ஒரு ராத்திரி, மலைக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறையில் ஒரு கல்லறைக்குள் திருடர்கள் இறங்கியிருக்கும் தகவல் வந்தது. நிலா வெளிச்சத்தில் மலை ஏறிப்போனார். உச்சியிலிருந்து கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, கீழே ஆட்கள் வேலை பார்க்கும் சத்தம். அவர்களின் கயிற்றை வெட்டிவிட்டு, தன் கயிற்றைக் கட்டி அதிலேயே இறங்கினார். உள்ளே எட்டு பேர். என் கயிற்றில் ஏறிப் போயிடுறீங்களா, இல்லை இங்கேயே கிடக்கிறீங்களா என்பதுதான் அவர் வைத்த டீல். எட்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள். அந்தக் கல்லறை, ஹட்செப்சுட் ராணியாக மட்டும் இருந்தபோது அவருக்காகக் குடைந்தது. அவரின் கணவர் வேறு யாருமில்லை, 2025-ல் கல்லறை அடையாளம் தெரிந்த அதே இரண்டாம் துட்மோஸ்தான். அதுவும் இதே மேற்கு மலைகளில்தான் கிடைத்திருக்கிறது.

1917 கடைசியில் மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு, பாறை தெரியும்வரை மண்ணை அள்ளும் வேலை. ஐந்து வருஷம். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1922 கோடையில் கார்னர்வோன் கூப்பிட்டு, போதும், நிறுத்திக்கலாம் என்றார். இன்னும் ஒரே ஒரு சீசன், செலவை நானே பார்த்துக்கறேன் என்றார் கார்ட்டர். அவரிடம் அவ்வளவு பணம் எங்கே இருந்தது? அந்தத் துணிச்சலைப் பார்த்துதான் பிரபு இறங்கிவந்தார்.

பாக்கி இருந்தது ஒரு துண்டு நிலம். ஆறாம் ராம்சேஸ் கல்லறை வாசலுக்குக் கீழே, பழங்காலக் கூலியாட்களின் குடிசை அடித்தளங்கள் இருந்த இடம். தோண்டினால் சுற்றுலாப் பயணிகளின் வழி அடைபடும் என்று அதுவரை தொடாமல் விட்டிருந்தார்கள். நவம்பர் 4 காலையில் கார்ட்டர் வந்தபோது வேலையாட்கள் எல்லோரும் அமைதியாக நின்றார்கள். பாறையில் வெட்டிய ஒரு படி தெரிந்திருந்தது.

அந்தப் படியை முதலில் பார்த்தது தண்ணீர் சுமந்து வந்த ஒரு சிறுவன் என்று ஒரு கதை உண்டு. கார்ட்டரின் புத்தகத்தில் அந்தச் சிறுவன் இல்லை. அவன் இருந்தானோ இல்லையோ, முதலில் பார்த்தது நிச்சயமாக மண் அள்ளிய எகிப்தியர்களில் ஒருவர்தான். அகமது கெரிகர் போன்ற மேஸ்திரிகளின் பெயரை மட்டும் கார்ட்டர் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் போட்டோக்களில் நிற்கிறார்கள், பெயர் இல்லாமல்.

16 படிகள், கீழே முத்திரை வைத்த கதவு. நம்மில் யாராயிருந்தாலும் அன்றைக்கே உடைத்திருப்போம். கார்ட்டர் படிகளை மறுபடி மண் போட்டு மூடிவிட்டு, இங்கிலாந்தில் இருந்த கார்னர்வோனுக்குத் தந்தி அடித்தார். பிரபு கப்பல் பிடித்து வந்துசேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் காத்திருந்தார். நவம்பர் 26 அன்று, உள்ளே இருந்த இரண்டாவது கதவில் ஓட்டை போட்டு மெழுகுவத்தியை நீட்டிப் பார்த்தார். அவர் அப்போது சொன்ன பதில் உலகப் பிரசித்தம். ஆனால், தன் குறிப்பேட்டில் ஒருமாதிரியும், பிறகு வந்த புத்தகத்தில் வேறுமாதிரியும் அதை எழுதியிருக்கிறார்.

சவ அறையை அதிகாரபூர்வமாகத் திறந்தது 1923 பிப்ரவரியில். ஆனால், அதற்கு முன்னாடியே கார்ட்டரும் கார்னர்வோனும் பிரபுவின் மகள் எவ்லினும் ஒரு துளை வழியாக நுழைந்து பார்த்துவிட்டு, ஒரு கூடையை வைத்து அதை மறைத்திருக்கிறார்கள். அந்தக் கூடை போட்டோவிலும் பதிவாகியிருக்கிறது!

1923 ஏப்ரலில் கொசுக்கடி சீழ் பிடித்து கார்னர்வோன் இறந்துபோக, மம்மியின் சாபம் என்று பத்திரிகைகள் கிளப்பிவிட்டன. கல்லறையில் எல்லோரையும்விட அதிக நேரம் கிடந்த கார்ட்டர் அதற்குப் பிறகு 16 வருஷம் இருந்தார். எவ்லின் 1980 வரை வாழ்ந்தார். சாபம் ஆள் பார்த்துதான் வேலை செய்யும்போல.

உண்மையான தொந்தரவு வேறு. செய்தி வெளியிடும் உரிமையை லண்டன் டைம்ஸுக்கு மட்டும் கார்னர்வோன் விற்றிருந்தார். தங்கள் ராஜாவைப் பற்றித் தெரிந்துகொள்ள எகிப்தியப் பத்திரிகைகள் லண்டன் பேப்பரைப் பார்க்க வேண்டிய நிலை. 1922-ல்தான் சுதந்திர நாடாக அறிவிக்கப்பட்ட தேசம் அது, சூடாகாமல் இருக்குமா? 1924 பிப்ரவரியில் கல்பெட்டியின் மூடியைத் தூக்கிய மறுநாள், ஆய்வாளர்களின் மனைவிகள் பார்வையிட அரசு தடை போட்டது. கார்ட்டருக்கு ஏறியது கோபம். கல்மூடி கயிற்றில் தொங்கத் தொங்க, கல்லறையைப் பூட்டிவிட்டு வெளியேறினார். அரசு வேறு பூட்டு போட்டது. கார்ட்டர் அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றப் போய்விட்டார். 1905-ல் எகிப்தியக் காவலாளிகளுக்காக வேலையை இழந்தவர், 1924-ல் எகிப்தியர்களின் உரிமை என்று வந்தபோது அதைப் புரிந்துகொள்ளவே இல்லை. அதே வீம்பு, இந்தத் தடவை தப்பான பக்கம்.

1925-ல் திரும்பி வந்தார், கல்லறைப் பொருள்களில் பங்கு கேட்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சவப்பெட்டிகள். கடைசிப் பெட்டி, தங்கம் மட்டுமே 110 கிலோ. உள்ளே நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தத் தங்க முகமூடி. அன்றைக்கு ஊற்றிய பிசின் இறுகி, மம்மி பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் வைத்தும் இளகவில்லை. கடைசியில் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்தும், தலையைச் சூடான கத்திகளால் முகமூடியிலிருந்து விடுவித்தும்தான் எடுத்தார்கள். கிழிந்த செருப்புக்குக்கூட மெழுகு ஊற்றிக் காப்பாற்றிய குழு, ராஜாவின் உடலை முழுசாக வைக்க முடியவில்லை என்பதைப் படிக்கும்போது கஷ்டமாத்தான் இருக்கு.

மொத்தம் 5,398 பொருள்கள், பத்து வருஷ வேலை. பொருளுக்குப் பொருள் எண், அட்டை, அளவு, ஓவியம், போட்டோ. அந்த அட்டைகளை ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. போனிலேயே பார்க்கலாம், கார்ட்டரின் கையெழுத்து அவ்வளவு அழகு.

யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சொந்த நாடு பிரிட்டன் ஒரு பட்டமும் கொடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1939 மார்ச்சில் லண்டனில் புற்றுநோயால் இறந்தபோது வயசு 64. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழம்பொருள் விஷயம் வந்தது. அவர் வீட்டில் துட்டன்காமன் கல்லறைப் பொருள்கள் சில இருந்தது தெரியவர, அவை எகிப்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2010-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தன்னிடமிருந்த 19 சிறு பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. கார்ட்டர் தனக்குக் கொடுத்த தாயத்து அந்தக் கல்லறையிலிருந்து வந்ததுதான் என்று கெய்ரோ நிபுணர் உறுதி செய்ததால், அவரோடு வேலை பார்த்த அறிஞர் ஆலன் கார்டினர் நொந்துபோய் 1934-ல் எழுதிய கடிதம் ஒன்று 2022-ல் வெளியானது. பெட்டி பெட்டியாகக் கணக்கு எழுதியவர், சிலதைக் கணக்கில் சேர்க்காமலும் விட்டிருக்கிறார்.

2025 நவம்பர் 1 அன்று கிசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் மகா எகிப்திய அருங்காட்சியகம் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. பொதுமக்களை உள்ளே விட்டது நவம்பர் 4, அதாவது அந்த முதல் படி தெரிந்த அதே தேதி. துட்டன்காமனின் பொருள்கள் எல்லாம் முதல்முறையாக ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. துட்டன்காமன் மட்டும் வரவில்லை. லக்சரில், அதே கல்லறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார். அங்கே போகும் வழியில்தான் கார்ட்டர் தங்கியிருந்த வீடும் இருக்கிறது. டிக்கெட் எடுத்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம்.