விளையாட்டுப் பொருளுக்கு இலக்கணம் வகுத்த பிரெடறிக் புரோபல்



யேர்மனியில் வாழும் எம் பிள்ளைகள் மூன்று வயது நிரம்பியதும் முதுகிற் சிறு பையுடன் செல்லுமிடம் கின்டர்கார்ட்டன் ஆகும். குழந்தைகள் தோட்டம் என்பது இச்சொல்லின் பொருள். ஆங்கிலேயர் இதனைத் தம் மொழிக்கு மாற்றாது அவ்வாறே எடுத்துக்கொண்டனர். இச்சொல்லையும் இச்சொல்லாற் குறிக்கப்படும் பள்ளியையும் உலகுக்கு அளித்தவர் பிரெடறிக் புரோபல் என்னும் யேர்மானியப் பேராசான். தாயகத்தில் ஆசிரிய கலாசாலைக்குச் சென்றோர் இவர் பெயரைத் தேர்வுக்காக மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பர். ஆயினும், கைக்குழந்தைக்கு எத்தகைய விளையாட்டுச் சாமானை வாங்கிக் கொடுப்பது என்று கடைத்தெருவில் திகைத்து நிற்கும் ஒவ்வொரு தாய் தந்தையரும் அறியவேண்டிய வாழ்வு இவருடையது. மழலையின் விளையாட்டுப் பொருளை இவரைப்போல் ஆழ்ந்து ஆராய்ந்தவர் இவருக்கு முன்னர் எவருமிலர் எனலாம்.

புரோபல் 1782 ஆம் ஆண்டு சித்திரைத் திங்கள் 21 ஆம் நாள், தூரிங்கன் மலைக்காட்டுப் பகுதியிலுள்ள ஒபர்வைஸ்பாக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவப் போதகர். ஊர்ப்பணியில் ஓய்வின்றி உழைத்தவர், கண்டிப்பு மிக்கவர். புரோபல் ஒன்பது மாதக் குழந்தையாய் இருந்தபோது தாயார் இறந்துபோனார். தாய்முகம் நினைவில் நில்லாத அக்குழந்தை, வேலையாட்களிடமும் மூத்த சகோதரரிடமும் விடப்பட்டது. சில ஆண்டுகளில் தந்தையார் மறுமணஞ் செய்தார். வந்த சிற்றன்னை முதலில் அன்பு காட்டினார். தமக்கென ஒரு மகன் பிறந்ததும் அவ்வன்பு வற்றிவிட்டது. அதுவரை நீ என்று நெருக்கமாய் அழைத்தவர், அதன்பின் அந்நியரையும் ஏவலாளரையும் விளிக்கும் படர்க்கைச் சொல்லால் அச்சிறுவனை அழைக்கலானார். யேர்மன் மொழியில் நெருங்கியோரை விளிக்கும் சொல் ஒன்று, ஏனையோரை விளிக்கும் சொல் வேறொன்று என்பதை எம் மாணவர் நன்கறிவர். ஒரே ஒரு சொல்லின் மாற்றம் ஒரு பாலகனின் நெஞ்சை எவ்வளவு புண்படுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதிய வயதிற்கூட புரோபல் இதனை மறக்கவில்லை.

வீட்டின் பின்புறத் தோட்டமே அவருக்குத் துணையாயிற்று. செடிகளையும் பூக்களையும் உற்றுநோக்குவதிலேயே அவர் பொழுது கழிந்தது. மகன் மந்தபுத்தியுடையவன் என எண்ணிய தந்தையார், ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பாது பெண்பிள்ளைகளின் பள்ளியிற் சேர்த்தார். பத்தாம் வயதில் தாய்மாமன் ஒருவர் ஸ்ராட்இல்ம் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்று தம்முடன் வைத்துக்கொண்டார். ஓடியாடி விளையாடத் தோழர்களும் அன்பான வீடும் முதன்முதலாக அங்கேதான் கிடைத்தன. தாய்மாமனின் பெருமையை நாம் இவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை போலும்!

அதன்பின் வந்த இளமைக்காலம் அலைச்சல் மிகுந்தது. வனப் பராமரிப்பாளர் ஒருவரிடம் தொழில் பழகினார். 1799 இல் யேனா பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமையால் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் இருந்தார். நில அளவை, கணக்கெழுதல் என ஏதேதோ தொழில்கள் பார்த்தார். 1805 இல் கட்டடக்கலை பயிலும் எண்ணத்துடன் பிராங்பேர்ட் நகருக்குச் சென்றவரை, அங்கிருந்த முன்மாதிரிப் பள்ளியின் தலைமையாசிரியர் குறூனர் ஆசிரியராக்கிவிட்டார். வகுப்பறையில் நின்றபோது, தாம் வாழவேண்டிய இடம் அதுவே என்பதை இருபத்துமூன்று வயதுப் புரோபல் உணர்ந்தார். அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்த கல்வியாளர் பெஸ்டலோசியைக் காணச் சுவிற்சர்லாந்தின் இவர்டோன் நகருக்கு இருமுறை சென்றார். இரண்டாம் முறை ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கு தங்கினார்.

1813 இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையிற் சேர்ந்தார். மிடன்டோர்வ், லாங்கெதால் என்னும் இரு வாழ்நாள் நண்பர்களை அப்படையிற்றான் பெற்றார். போர் முடிந்தபின் பேர்லினில் கனிமப் பேராசிரியர் வைஸ் என்பவரின் உதவியாளராகப் பணியாற்றினார். உயிரற்ற கல்லுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு, பளிங்கு அவ்வொழுங்கின்படியே வளர்கின்றது என்பது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அவர் பின்னாளிற் குழந்தைகளுக்கு வகுத்தளித்த பொருள்கள் யாவும் உருண்டை, உருளை, கனசதுரம் என்ற வடிவங்களாய் அமைந்தமைக்கு இப்பளிங்குகளே காரணம் என்பது எம் கருத்து.

1816 இல், போர்க்காலக் காய்ச்சலால் இறந்துபோயிருந்த தமையனாரின் மைந்தர்களைக் கற்பிக்கும் பொருட்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது மறு ஆண்டில் கைல்ஹவ் என்னும் சிற்றூருக்கு மாறியது. 1826 இல் மனிதனின் கல்வி என்னும் தம் பெருநூலை வெளியிட்டார். பள்ளி வளர்ந்தது, கடனும் வளர்ந்தது. 1831 முதற் சில ஆண்டுகள் சுவிற்சர்லாந்திற் பணிபுரிந்தார். பூர்க்டோர்வ் நகரின் அநாதைச் சிறுவர் இல்லத்திற் கற்பித்த காலத்தில், பள்ளிக்கு வரும் வயதிற்குள் குழந்தையின் மனம் பெரும்பாலும் உருவாகிவிடுகின்றது, முதற் சில ஆண்டுகளைப் பாழாக்கிவிட்டுப் பின்னர் ஆசிரியர் வருந்திப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார். தாயற்று வளர்ந்தவர், தமக்கென மக்கட்பேறு இல்லாதவர். அத்தகையவரே தாயும் சேயும் எவ்வாறு விளையாடவேண்டும் என்பதைத் தம் இறுதிப் பதினைந்து ஆண்டுகளின் பணியாக்கிக் கொண்டார்.

1837 இல் பாட் பிளாங்கன்பேர்க் என்னும் சிறு நகரில் ஒரு நிலையத்தை நிறுவி, மரத்தாலும் கம்பளி நூலாலும் விளையாட்டுப் பொருள்களைச் செய்வித்து விற்கலானார். அவற்றைக் கொடைகள் என்று அழைத்தார்.

முதற் கொடை மென்மையான ஆறு பந்துகள். குழந்தையின் உள்ளங்கையில் அடங்கத்தக்க அளவில், கம்பளி நூலால் உறையிடப்பட்டவை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் தொங்கும். சில மாதக் குழந்தையின் முன்னே தாய் அந்நூலைப் பிடித்துப் பந்தை ஆட்டுகின்றாள், மேலே தூக்குகின்றாள், கீழே இறக்குகின்றாள், கைக்குள் மறைத்து மீண்டும் காட்டுகின்றாள். ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்ற சொல்லைச் சொல்லியும் பாடியும் ஆட்டுகின்றாள். வருகிறது, போகிறது, இருக்கிறது, இல்லை என்பனவற்றைக் குழந்தை கண்ணாலும் காதாலும் ஒருங்கே பெறுகின்றது. பின்னர் தானே பந்தைப் பற்றி இழுக்கின்றது.

பெற்றோர் இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். புரோபலின் பந்து தனியே ஒரு விளையாட்டுப் பொருளன்று. தாயின் குரலோடு சேர்ந்தாற்றான் அது முழுமை பெறும். எமது வகுப்புகளுக்கு ஆறேழு வயதில் வரும் பிள்ளைகளுட் சிலர் அ, ஆ என்று எழுதப் பழகிவிடுகின்றனர். மேல், கீழ், உள்ளே, வெளியே என்ற சொற்களுக்கோ தடுமாறுகின்றனர். எழுத்தை நாம் இங்கு கற்பிக்கலாம். அச்சொற்களோ மடியில் இருக்கும்போதே வந்திருக்க வேண்டியவை. இரவுவேலை முடிந்து களைத்து வரும் தந்தைக்கும் தாய்க்கும் இது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும், பொத்தானை அழுத்தினால் அந்நிய மொழியிற் பாட்டுப் பாடும் மின்கலப் பொம்மை, தாய் பேசவேண்டிய நேரத்தைத் தான் பேசிக் கழித்துவிடுகின்றது. ஒரு நூற்பந்துக்கு அத்தகைய குறை இல்லை.

ஒரு செய்தியை இங்கு சேர்த்துக் கூறவேண்டும். தொட்டிலின் மேல் நூலைக் கட்டிவிட்டு அப்பாற் செல்வது ஆபத்தானது. நூல் குழந்தையின் கழுத்திற் சுற்றக்கூடும். நூலின் மறுமுனை பெரியவர் கையிலேயே இருக்கவேண்டும். அவ்வாறே, மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை எதனையும் வாயில் இடும் இயல்புடையது. ஆதலால் விழுங்கத்தக்க சிறு துண்டுகளைக் கொண்ட பொருள்களைத் தவிர்க்க. ஐரோப்பாவில் விற்கப்படும் அத்தகைய பொருள்களின் பெட்டியில், குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்குக் கோட்டால் வெட்டப்பட்ட அடையாளம் இருக்கும்.

இரண்டாங் கொடை மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை என்னும் மூன்றும். உருண்டை ஓடும், கனசதுரம் நிற்கும், உருளையோ படுத்தால் ஓடும், நிமிர்த்தினால் நிற்கும். கனசதுரத்தை நூலிற் கட்டிச் சுழற்றினால் அதனுள்ளே ஓர் உருளை தோன்றும்! மாணவர்கள் இதனை வீட்டிற் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது கொடையே இவரது மேதைமையைக் காட்டுவது. குழந்தை ஏன் பொம்மையை உடைக்கின்றது? நாம் குறும்பு என்கின்றோம். உள்ளே என்ன இருக்கின்றது என்றறியும் வேட்கையே அதற்குக் காரணம் என்றார் புரோபல். எனவே, உடைக்கவும் மீண்டும் ஒட்டவும் கூடிய ஒரு பொருளை ஆக்கினார். இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்றை எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பகுத்து, இழுமூடியுள்ள மரப்பெட்டியில் வைத்தார். பெட்டியை மேசைமீது கவிழ்த்து, மூடியை இழுத்துத் தூக்கினால் முழுக் கனசதுரம் குழந்தையின் முன் நிற்கும். அதனை இரண்டாகப் பிரித்தால் அரை. மீண்டும் பிரித்தாற் கால். இன்னும் ஒருமுறை பிரித்தால் அரைக்கால். எம் முன்னோர் வாய்ப்பாட்டில் மனனஞ் செய்ததை யேர்மானியக் குழந்தை விரலாற் கற்றது. அவ்வெட்டுத் துண்டுகளால் நாற்காலி, படிக்கட்டு, கிணறு எனக் கட்டலாம். கோலம்போல் அழகிய வடிவங்களாய் அடுக்கலாம். ஒரு விதி மட்டும் உண்டு: எல்லாத் துண்டுகளையும் பயன்படுத்த வேண்டும். ஒன்றை இடித்து இன்னொன்றைக் கட்டுவதன்று. நாற்காலியின் ஒரு துண்டை நகர்த்தினால் அது வேறொன்றாகும். ஆட்டம் முடிந்ததும் யாவும் சேர்ந்து முழுமையாகிப் பெட்டிக்குள் செல்லவேண்டும். அடுத்தடுத்த கொடைகளில் துண்டுகள் பெருகும். ஐந்தாவதில் 39 துண்டுகள். இவற்றுடன் கடதாசி மடித்தல், கடதாசிப் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னல், களிமண் பிசைதல் ஆகிய கைவேலைகளையும் சேர்த்தார். பனையோலைப் பெட்டி இழைத்த எம் பாட்டிமார் இதனைக் கண்டிருந்தால் புதுமை எதுவும் இல்லை என்றிருப்பர்.

குறைகளும் உண்டு. உருண்டையில் அண்டத்தின் ஒருமையையே கண்ட புரோபல், ஒரு பந்தைப்பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதிய தத்துவம் வாசிப்போரை மயங்கச் செய்வது. அவர்தம் வழிவந்தோருட் சிலர், ஆசிரியை சொன்ன நொடியில் எல்லாக் குழந்தைகளும் ஒரே துண்டை ஒரே இடத்தில் வைக்கவேண்டும் எனுமளவுக்கு இதனைச் சடங்காக்கிவிட்டனர். அது புரோபலின் பிழையன்று என்று முழுவதுமாய்க் கூறிவிட முடியாது.

1840 ஆம் ஆண்டு வரை அவரது நிலையத்திற்குப் பொருத்தமான பெயர் அமையவில்லை. கைல்ஹவிலிருந்து பிளாங்கன்பேர்க்கிற்கு நண்பர்களுடன் மலைவழியே நடந்து வருகையில் கின்டர்கார்ட்டன் என்ற பெயர் மனத்தில் உதித்தது. அவ்வாண்டு ஆனி 28 ஆம் நாள் அப்பெயரில் நிறுவனம் தொடங்கிற்று. பங்குகள் விற்றுப் பணந்திரட்ட முயன்றார்; மிகச் சில பங்குகளே விற்றன. 1844 இல் தாய்மாருக்கான பாட்டும் விரல்விளையாட்டும் அடங்கிய படநூலை வெளியிட்டார். ஊரூராய்ச் சென்று பேசினார். இளம்பெண்களைத் திரட்டிக் குழந்தைத் தோட்டக்காரிகளாய்ப் பயிற்றினார். பெண்களுக்கு மதிப்புள்ள தொழில்கள் அரிதாயிருந்த காலம் அது.

இடி விழுந்தது 1851 ஆவணி 7 ஆம் நாள். பிரஷ்ய அரசு தன் ஆட்சிக்குட்பட்ட கின்டர்கார்ட்டன்களை எல்லாம் தடைசெய்தது. நாத்திகமும் சமவுடைமையும் கற்பிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. புரோபலின் பெறாமகன் கார்ல் புரோபல் எழுதிய நூலொன்றைப் பார்த்து அமைச்சர் ஆள்மாறாட்டஞ் செய்துகொண்டார். அந்நூல் தம்முடையதன்று எனப் புரோபல் விளக்கி எழுதியும் தடை நீக்கப்படவில்லை. மூன்று வயதுக் குழந்தைகள் மரத்துண்டு அடுக்குவதைக் கண்டு அஞ்சிய அரசு அது. 1852 இல் கோதா நகரிற் கூடிய ஆசிரியர் மாநாட்டில் அவர் நுழைந்தபோது அவையினர் அனைவரும் எழுந்து நின்றனர். சில நாள்களின் பின், ஆனி 21 ஆம் நாள், மரியன்தாலில் அவர் உயிர் பிரிந்தது. தடை 1860 வரை நீடித்தது.

ஆயினும் விதைகள் முன்னரே பறந்துவிட்டன. 1848 ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றபின் யேர்மனியை விட்டு ஏதிலிகளாய் வெளியேறியோர் புரோபலின் முறையையும் உடன்கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருவரான கார்ல் ஷூர்ஸ் என்பாரின் மனைவி மார்கரேதா, 1856 இல் அமெரிக்காவின் வாட்டர்ரவுன் நகரில், தம் மகளையும் உறவினர் பிள்ளைகளையும் கூட்டி அந்நாட்டின் முதற் கின்டர்கார்ட்டனைத் தொடங்கினார். அது ஆங்கிலத்தில் நடைபெறவில்லை. அப்பிள்ளைகளின் தாய்மொழியாகிய யேர்மன் மொழியிலேயே நடைபெற்றது. 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் இக்கொடைகளைக் கண்ட ஒரு தாய் தம் ஒன்பது வயது மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அம்மகனே கட்டடக்கலைஞர் பிராங்க் லொயிட் ரைட். அம்மரத்துண்டுகளைத் தம் விரல்கள் மறக்கவில்லை என்பதை அவர் முதுமையிலும் கூறிவந்தார்.

புரோபல் ஸ்வைனா என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையின் மேல் கீழே கனசதுரம், நடுவில் உருளை, உச்சியில் உருண்டை என இரண்டாங் கொடையே கல்லில் நிற்கின்றது. கோடை விடுமுறையில் தூரிங்கன் பக்கம் செல்லும் குடும்பங்கள் பாட் பிளாங்கன்பேர்க்கில் உள்ள அவரது அருங்காட்சியகத்தில் அப்பந்துகளையும் மரத்துண்டுகளையும் நேரிற் காணலாம்.