மண்ணின் பசியை அறிந்த லீபிக்

உர மூட்டையைச் சுமந்து, மரத்துக்கு மரம் அளந்து போடுகிறவர்கள் நாம். இந்த உரத்துக்கு வழிகாட்டிய பெரியவர்களில் ஒருவர் ஜஸ்டஸ் வான் லீபிக். அவர் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1803-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தகப்பனார் சாயச் சரக்கு வியாபாரி. 1816-ல் கோடையே வராமல் பயிர் கெட்டு, ஐரோப்பாவில் பஞ்சம் வந்தபோது லீபிக்குக்கு 13 வயது. 21 வயதிலேயே கீசன் நகரில் பேராசிரியரானார்.

1840-ல் விவசாய இரசாயன நூலை வெளியிட்டார். பயிர் எடுத்த தாதுச் சத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண் ஏழையாகிவிடும் என்றார். மற்ற சத்தெல்லாம் நிறைய இருந்தாலும், ஒன்று குறைந்தால் விளைச்சல் அதோடு நின்றுவிடும் என்றும் சொன்னார். குழம்பில் எல்லாம் போட்டும் உப்பில்லாத மாதிரிதான்! இதை முன்பே சொன்னவர் ஸ்பிரெங்கல். ஊரறியச் செய்தவர் லீபிக்.

அவரும் ஒருமுறை சறுக்கினார். 1845-ல் வந்த அவருடைய உரம், மழையில் கரைந்து போகாதபடி செய்யப்பட்டது. கரையாததால் பயிருக்கும் எட்டவில்லை. களிமண் சத்தைப் பிடித்து வைக்கும் என்பது பிறகே தெரிந்தது. லீபிக் தவற்றை ஒப்புக்கொண்டார்.

ஆனால், அவர் பயந்தது மணல் பூமியில் நிஜம்தான். மணல் சத்தைப் பிடிக்காது. மழை கொண்டு போய்விடும். சரவாக்கில் வெள்ளை மணல் காட்டை இபான் மக்கள் கெராங்காஸ் என்பார்கள். நெல் விளையாத நிலம் என்று அர்த்தம். அங்கேயும் காட்டு மரம் நிற்கிறதே, எப்படி? தடித்த இலைகள் சத்தை நெடுநாள் வைத்துக்கொள்கின்றன. உதிர்ந்த இலை மக்கும்போது, மேலாக ஓடும் வேர்கள் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. காட்டை வெட்டிக் கொளுத்தினால், சாம்பலை மழை அடித்துப் போக, மிஞ்சுவது வெறும் மணல்.

லீபிக் 1873-ல் மியூனிக்கில் மறைந்தார். போரான், துத்தநாகம், செம்பு போன்ற நுண்சத்துகள் செடிக்கு அவசியம் என்பது 1920, 1930-ஆம் ஆண்டுகளில்தான் உறுதியானது. துளி அளவே தேவை. ஆனாலும் அவர் சொன்ன விதி அவற்றுக்கும் பொருந்தும். போரான் குறைந்தால் செம்பனை இலை நுனி கொக்கி மாதிரி வளையும். எது குறைவு என்று அறியத்தான் 17-ஆவது மட்டையின் இலையை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

கொக்கி இலையை முதலில் பார்க்கிற கண் நம்முடையது. பார்த்தவுடன் மண்டோரிடம் சொல்லுவோம். வெட்டிய மட்டையை எரிக்காமல் அடுக்கி மக்க விடுவோம். குலை நன்றாக வந்தால்தானே நம் கூலியும் நன்றாக வரும்!