வள்ளல் அழகப்பரின் கல்விக்கொடை

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்பு, இன்று பிரான்மலை என்னும் பெயரோடு சிவகங்கை மாவட்டத்தில் நிற்கின்றது. பெறுவோர்க்கு அப்பொருள் பயன்படுமோ என எண்ணாது ஈந்த அச்செயலைக் கொடைமடம் எனச் சான்றோர் போற்றினர். அம்மாவட்டத்திலேயே, பயன் நெடிது நிற்குமாறு ஆராய்ந்து ஈந்த வள்ளல் ஒருவர் நம் நகரத்தார் மரபில் தோன்றினார். அவரே டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-ஆம் நாள் கோட்டையூரில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்று, இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். நூலாலை முதல் விமானப் போக்குவரத்து ஈறாகப் பல தொழில்கள் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார்.

ஈட்டிய பொருளைக் கல்விக்கே வழங்கத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கல்லூரி நிறுவுதற்கு 5 இலட்சம் ரூபாய் அளித்தார். வேதிப்பொறியியலும் நெசவும் தோல்பதனிடுதலும் அங்கே உயர்கல்வியாயின. கைத்தொழில் எனச் சிலர் இகழ்ந்தவை அறிவியலின் துணைபெற்று ஏற்றமுற்றன.

1947-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த கூட்டமொன்றில், துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் நிறுவச் செல்வர்கள் முன்வரல் வேண்டும் என வேண்டினார். அழகப்பர் அவ்விடத்தே எழுந்து காரைக்குடியில் கல்லூரி அமைக்க இசைந்தார். அவ்வாண்டிலேயே கல்லூரி திறக்கப்பெற்றது. மழை குறைந்த அவ்வட்டாரத்து எளிய குடிப்பிள்ளைகளுக்கு உயர்கல்வி ஊர்வாயிலிலேயே கிட்டிற்று.

அவர்தம் கொடைகளுள் தலையாயது மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நாட்டுக்கு ஈந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். இரும்பைத் துரு தின்னாமற் காத்தல், மின்கலம் ஆக்கல், உலோகங்களைப் பிரித்தெடுத்தல், முலாம் பூசுதல் ஆகியன அங்கே ஆராயப்படுகின்றன. உப்புக்காற்று வீசும் மண்டபம் கடற்கரையில் உலோகங்களின் அரிப்பைச் சோதிக்கும் களமொன்றும் அதற்குண்டு. கடற்பாலத்தைக் கடப்போரும் மீன்பிடி படகில் செல்வோரும் கல்லூரி வாயிலை மிதியாதவராயினும், இத்தகைய ஆராய்ச்சியின் பயனை நுகர்வோரே ஆவர்.

சோறிட்டால் ஒருவேளைப் பசி தீரும்; கல்வி ஈந்தால் ஒரு குடி உயரும்; ஆராய்ச்சிக்கு ஈந்தாலோ, ஈந்தவர் முகம் அறியாதாரும் வாழ்வர். ஆயினும் ஆராய்ச்சியின் கனி காலந்தாழ்த்தே பழுக்கும். அதனைத் தாம் உண்ண நினையாதவரே அம்மரத்தை நடவல்லார்.

நோய் வருத்தியும் அழகப்பர் கொடையை நிறுத்தினாரல்லர். 1957 ஏப்ரல் 5-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைதற்கு ஒருநாள் முன்னர் மறைந்தார். அவர் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது 1985-இல். அதனை அவர் கண்டிலர்.

அன்பர்களே, நம் இல்லத் திருமணங்களிற் பந்தலுக்கும் விருந்துக்கும் செலவிடும் பொருளில் ஒரு பகுதியேனும் ஓர் ஏழை மாணவனின் படிப்புக்கோ ஓர் ஆய்வுக்கூடத்தின் கருவிக்கோ செல்லுமாயின், அதுவே அவ்வள்ளலுக்கு நாம் செய்யும் வழிபாடாகும்.