காசநோய் மாத்திரையை ஏமாற்றும் ஒரு எழுத்து மாற்றம்... நொதிகளின் வடிவத்தைப் புரிந்துகொள்ள உதவிய சென்னை விஞ்ஞானி! யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

புழல், ராயபுரம், திருவொற்றியூர்னு எங்கே இருந்தாலும் சரி, காசநோய் சந்தேகம் என்று அரசு மருத்துவமனைக்குப் போனால் முதலில் சளி மாதிரிதான் கேட்பாங்க. கிருமி இருக்கா என்பதோடு, அது மருந்துக்கு அடங்குமா என்பதையும் மரபணுவை வைத்தே சொல்லும் பரிசோதனைகள் இப்போ வந்துவிட்டன.

மரபணுவுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? இதைப் புரிந்துகொள்ள 1950-களில் கிண்டியில் வேலை பார்த்த ஒருவரைத் தெரிந்துகொள்ளணும்.

யார் இவர்?

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி.ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் பிஎச்டி முடித்து வந்தவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

விமர்சனத்தில் பிறந்த வரைபடம்

தோல், எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் கொலாஜன். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததால் மாதிரிக்குப் பஞ்சமில்லை. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு மாதிரிதான் கொலாஜன் இருக்கும் என்று, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-55-ல் சொன்னார்.

டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதை ஏற்கவில்லை. அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

ராமச்சந்திரன் சண்டைக்குப் போகவில்லை, கணக்குப் போட உட்கார்ந்தார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் இடிக்காது? ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் அவர் வெளியிட்ட பதில்தான் ராமச்சந்திரன் வரைபடம். கொலாஜனின் மூன்று இழை அமைப்பும் சரி என்றே நிலைத்துவிட்டது.

பிறழ்வு வந்தால் என்ன ஆகும்?

நொதி, அதாவது என்சைம், பெரும்பாலும் புரதம்தான். அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி சரியாக மடிந்தால்தான் அதில் ஒரு குழி உருவாகும். வேலை நடப்பது அந்தக் குழியில்தான்.

அமினோ அமிலங்களில் கிளைசின் ரொம்பச் சின்னது, நிறையக் கோணங்களில் திரும்பும். புரோலின் விறைப்பானது. கிளைசினால் மட்டுமே திரும்ப முடிகிற முனையில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் மடிப்பே கெடலாம், நொதி செயலிழக்கலாம். எது திரும்பும், எது இடிக்கும் என்று காட்டுவது இந்த வரைபடம்தான்.

சில பிறழ்வுகள் மடிப்பைக் கெடுக்காது, வாசலை மட்டும் குறுக்கும். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் மாத்திரை தானாகக் கிருமியைக் கொல்லாது. கிருமியிடம் உள்ள கேட்-ஜி என்ற நொதிதான் அதை வீரியமுள்ள மருந்தாக மாற்றும். இந்த நொதியின் 315-வது இடத்தில் செரினுக்குப் பதில் திரியோனின் வந்தால், மருந்து நுழையும் பாதை குறுகிவிடும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே இது நடக்கும். நொதி தன் சொந்த வேலையைப் பெருமளவு தொடரும், கிருமி பிழைக்கும். மாத்திரை மட்டும் பலிக்காது.

இன்று எந்த நொதியின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க முதலில் எடுப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான்.

கடைசிக் காலம்

1971-ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் தந்த கணக்கு முறை, சிடி ஸ்கேன் படங்களை வேகமாக உருவாக்க உதவியது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு மட்டும் கடைசிவரை வரவில்லை. பக்கவாதம், பார்கின்சன் நோயால் அவதிப்பட்டவர், 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

ஒரு மாத்திரை பலிக்கவில்லை என்றால் கிருமியின் எந்த நொதியில், எந்த இடத்தில் கோளாறு என்று இன்று தேடிப் பார்க்க முடிகிறது. அந்த நொதிகளின் வடிவத்தைச் சரிபார்க்க உதவும் வரைபடம் போனது நம்ம கிண்டியிலிருந்துதான்.