குப்பைப் பெட்டியே கோட்டை!

அமெரிக்காவில் உள்ள பெரிய நகரம் சிக்காகோ. 1890-ம் ஆண்டு வாக்கில், அங்கே ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் பெரிய பெரிய மரப் பெட்டிகள் இருந்தன. குப்பை போடுவதற்காக வைத்த பெட்டிகள்! ஆனால் குழந்தைகளுக்கு அவைதான் மலை, அவைதான் கோட்டை. நடக்கப் பழகிய குழந்தை முதலில் ஏறியது அதன் மீதுதான். பெரிய பையன்கள் அதன் மறைவில் நின்று சண்டை போட்டார்கள். உள்ளே கிடந்த குப்பையே ஆயுதம்!

இதைத் தினமும் பார்த்தார் ஒரு பெண்மணி. அவர்தான் ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

1860-ல் செடார்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை வசதி படைத்தவர். ஓடையும் மரங்களும் சூழ்ந்த ஊர். ஓடியாட இடத்துக்குப் பஞ்சமில்லை. அப்படி வளர்ந்தவர், 1889-ல் எலன் ஸ்டார் என்ற தோழியுடன் சிக்காகோ ஏழைகளின் நடுவே வந்து குடியேறினார். அந்தப் பழைய வீட்டின் பெயர் ஹல் ஹவுஸ்.

குப்பை நாற்றம் தாங்க முடியவில்லை. நோயும் பரவியது. 1895-ல் அம்மையாரே அந்த வட்டாரத்தின் குப்பை இன்ஸ்பெக்டர் ஆனார்! காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போவார். ஒரு தெருவில் குப்பையை அள்ள அள்ள, அடியில் கல் பாவிய தரை தென்பட்டது. 

சரி, குழந்தைகள் எங்கே விளையாடுவது?

பக்கத்தில் சில பாழடைந்த வாடகை வீடுகள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர் வில்லியம் கென்ட் என்ற இளைஞர். வீடுகளின் சீர்கேட்டை ஹல் ஹவுஸ்காரர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். முடிவில் கென்ட் அந்த இடத்தையே குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்தார். வீடுகள் இடிக்கப்பட்டன, விளையாட்டுத் திடல் பிறந்தது. ஆனால் குடியிருந்தவர்களில் சிலர் காலி செய்ய மறுத்தார்கள். அவர்களைச் சட்டப்படி வெளியேற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அவர்களுக்கு வீடு போயிற்று! அம்மையார் இதை மறைக்காமல் தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த நேர்மை பெரிது.

ஒரு திடல் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? 1899-ல் சிக்காகோவில் சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் ஏற்பட்டது. அங்கே வந்த வழக்குகளைப் பாருங்கள்! தண்டவாளத்தின் ஓரத்தில் தீ மூட்டியது ஒருவன் குற்றம். ஓடும் ரயிலின் ஜன்னலில் கல் எறிந்தது இன்னொருவன் குற்றம். மேடையில் நடித்தவர்கள் மீது உண்டிவில்லால் அடித்த வழக்கும் உண்டு. இவர்களில் பலர் பொல்லாதவர்கள் அல்ல, துணிச்சலான விளையாட்டுக்கு வேறு வழியில்லாதவர்கள் என்று அம்மையார் வாதாடினார். தொழிற்சாலைக்கும் சாராயக் கடைக்கும் இடம் ஒதுக்கிய நகரம் பிள்ளைகளை மறந்துவிட்டது என்றார். இதற்காகவே 1909-ல் தனியாக ஒரு நூல் வெளியிட்டார்.

1931-ல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. 1935-ல் காலமானார். இறுதிச் சடங்கு ஹல் ஹவுஸின் முற்றத்தில் நடந்தது. அவருக்கு அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்தார்கள்.