கடிதத்தோடு வந்த அண்ணன்

குழந்தைகளே, புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சுண்டல் விற்பவர்கள், பலூன்காரர்... சாயங்காலம் ஆகிவிட்டால் திருவிழா மாதிரி இருக்கும். அந்தக் கூட்டத்தில் என்றைக்காவது இப்படி ஒருவரையும் பார்த்திருப்பீர்கள். அழுக்குச் சட்டை, சிக்குப் பிடித்த தலைமுடி. தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு போவார். பெரியவர்கள் ஒதுங்கி நடப்பார்கள். பையன்கள் சிலர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். சின்ன வயதில் நானும் அப்படி ஓடியவன்தான். அவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அப்போது யோசித்ததே இல்லை.

அந்த மாதிரி நிலைமையில் இருந்த ஒருவரே பிறகு குணமாகி, உள்ளே என்ன நடந்தது, வெளியே மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? எழுதினார் ஒருவர். அவர் பெயர் கிளிஃபோர்ட் பியர்ஸ்.

அமெரிக்காவில் கனெக்டிகட் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே நியூ ஹேவன் என்ற ஊரில் 1876-ம் ஆண்டு மார்ச் 30-ம் தேதி பியர்ஸ் பிறந்தார். புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. பியர்ஸ் படித்ததும் அங்கேதான். ஆனால் படிக்கும்போதே அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அண்ணன்மாரில் ஒருவருக்கு 1894-ல் திடீரென்று வலிப்பு வந்தது. அண்ணனுக்கு வந்தது நமக்கும் வருமோ என்று தம்பி பயந்தார். இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒரு மருத்துவர் விளக்கிப் புரியவைத்திருப்பார். சொல்லாமல் மனதுக்குள்ளேயே ஆறு வருடம் சுமந்தார்.

1897-ல் பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. 1900-ம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய மனம் உடைந்துபோனது. வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பினார். நமக்கும் வலிப்பு வந்தேவிட்டது என்று உறுதியாக நம்பிய அவர், தன் உயிருக்கே ஆபத்தான ஒரு காரியத்தைச் செய்துவிட்டார். நல்லவேளை, காலில் பலத்த காயத்தோடு பிழைத்துக்கொண்டார்.

காயம் ஆறியது. மனம் ஆறவில்லை. யாரும் பேசாதபோதும் காதில் குரல்கள் கேட்டன. தான் பெரிய குற்றவாளி, போலீஸ் தன்னைப் பிடிக்க வலை விரித்திருக்கிறது என்று நம்பினார். சாப்பாட்டைப் பார்த்தால் விஷம் என்று சந்தேகம். எல்லாவற்றிலும் கொடுமை எது தெரியுமா? தன்னைப் பார்க்க வரும் அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் நிஜமானவர்கள் இல்லை, அவர்களைப் போல வேஷம் போட்ட துப்பறிவாளர்கள் என்று நினைத்தார்! பெற்ற அம்மா எதிரே வந்து உட்காருகிறார், மகன் வாயே திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேல் இப்படியே போனது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பலன் இல்லை.

இது வேண்டுமென்று செய்த பிடிவாதம் இல்லை, குழந்தைகளே. காய்ச்சல் வந்தவருக்கு வாய் கசக்கிறது. நல்ல பாயசமும் கசக்கும். கசப்பு பாயசத்தில் இல்லை, ஆனாலும் அவருக்கு அது உண்மையான கசப்புதான். பியர்ஸின் சந்தேகமும் அப்படித்தான் இருந்தது.

சரி, இந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது? அங்கேதான் கதை சுவையாகிறது.

அதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளி இருந்தார். பியர்ஸ் அவரோடு மட்டும் கொஞ்சம் பேசுவார். ஏனென்றால் அவரும் தன்னைப் போல அடைபட்டவர், துப்பறிவாளராக இருக்க முடியாது என்று நம்பினார். அந்த நண்பருக்கு ஊருக்குள் போய்வர அனுமதி உண்டு. உன் அண்ணன் ஜார்ஜ் நிஜமானவர்தான் என்று நண்பர் சொல்லிப் பார்த்தார். பியர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. நண்பர் விடவில்லை. ஊருக்குள் போய், நியூ ஹேவனில் யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அச்சிட்ட புத்தகத்தைப் புரட்டினார். ஜார்ஜ் பியர்ஸ் அதே பழைய முகவரியில்தான் இருக்கிறார் என்று வந்து சொன்னார்.

இப்போது பியர்ஸின் மூளை வேலை செய்தது. அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுவது. மருத்துவமனை ஆட்கள் கண்ணில் படாமல் நண்பர் அதைத் தபாலில் சேர்ப்பது. என்னைப் பார்க்க வரும்போது இந்தக் கடிதத்தையே கையில் எடுத்துவா என்று அதில் எழுதிவிடுவது. யோசித்துப் பாருங்கள். வேஷம் போட்டவனிடம் அந்தக் கடிதம் எப்படி இருக்கும்? தபால்காரர் நிஜமான அண்ணன் வீட்டில் அல்லவா கொடுத்திருப்பார்! ஷெர்லக் ஹோம்ஸுக்குக்கூட இதைவிட நல்ல சோதனை தோன்றியிருக்காது.

1902-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ம் தேதி அண்ணன் வந்தார். கையில் கடிதம். தன் கையெழுத்தைத் தானே பார்த்தார் பியர்ஸ். அந்த நொடியில் இரண்டு வருடத்துச் சந்தேகம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. எதிரே நிற்பது சொந்த அண்ணன்!

பெரிய பெரிய மருத்துவர்களால் முடியாத காரியத்துக்கு ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குக் கைகொடுத்தார் என்பதைக் கவனித்தீர்களா?

இத்துடன் சுபம் என்று போட்டுவிடலாமா என்றால், இல்லை. மனம் தராசு போல மறுபக்கம் சாய்ந்துவிட்டது. அதுவரை பேசாதவர் இப்போது பேச்சை நிறுத்தவில்லை. தூக்கம் குறைந்தது. உலகத்தையே திருத்திவிடலாம் என்று உற்சாகம் பொங்கியது. எழுத ஆரம்பித்தார். தாள் தீர்ந்துபோனது. பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டிக்கொண்டார். ஒரே கடிதம் இருபது, முப்பது அடி நீளம் போகும்! நம் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை விரித்துவைக்கலாம்.

மருத்துவமனை ஆட்களுக்கு இந்த உற்சாகம் பிடிக்கவில்லை. அடக்கப் பார்த்தார்கள். கைகள் இரண்டையும் குறுக்கே மடக்கிப் பின்னால் இழுத்துக் கட்டும் முரட்டுத் துணிச் சட்டை ஒன்று உண்டு. அதை மாட்டிவிட்டால் மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. பியர்ஸைத் தொடர்ந்து 21 இரவுகள் அந்தச் சட்டைக்குள் கட்டிப்போட்டார்கள்.

பிறகு அவரை அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே முரட்டு நோயாளிகள் என்று சிலரைத் தனியாக அடைத்துவைத்திருந்த பகுதி ஒன்று இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, வேண்டுமென்றே கலாட்டா செய்து பியர்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். குளிரில் போதிய துணி இல்லாமல் கிடந்தார். பேசத் தெரியாதவர்கள், புகார் சொல்ல ஆள் இல்லாதவர்கள் ஆகியோருக்கே அதிகம் அடி விழுவதைத் தன் கண்ணால் பார்த்தார். மாநில ஆளுநருக்கே ரகசியமாகக் கடிதம் எழுதி வெளியே அனுப்பினார். அது ஆளுநர் கைக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது!

1903-ம் ஆண்டு செப்டம்பரில் பியர்ஸ் வீடு திரும்பினார். வேலைக்குப் போனார், சம்பாதித்தார். நடந்ததையெல்லாம் மறந்துவிடு என்றுதான் எவரும் சொல்வார்கள். அவருக்கு மறக்க மனமில்லை. தான் வெளியே வந்துவிட்டோம், அந்த அறைகளில் இருப்பவர்கள் இன்னும் அங்கேதானே இருக்கிறார்கள்? புத்தகம் எழுத உட்கார்ந்தார். நடுவில் 1905-ல் மனம் மறுபடி கொந்தளிப்பதுபோல் தெரிந்ததும், யாரும் இழுத்துப் போகாமல், தானே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து, தெளிந்ததும் வந்து எழுத்தைத் தொடர்ந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கையெழுத்துப் படியை வில்லியம் ஜேம்ஸ் என்ற பேராசிரியரிடம் காட்டினார். மனதைப் பற்றி ஆராய்ந்தவர்களில் அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரியவர் அமெரிக்காவில் இல்லை எனலாம். அவர் படித்துவிட்டுப் பாராட்டி எழுதினார். 1908-ல் புத்தகம் வெளிவந்தது. தன்னைத்தானே கண்டெடுத்த மனம் என்று தலைப்புக்குப் பொருள். சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். மனநோய் வந்த ஆள் என்று தெரிந்தால் ஊரார் வாசலைச் சாத்திக்கொள்ளும் காலம் அது. ஆனால் தன்னைத் துன்புறுத்திய மருத்துவமனைகளின் பெயரையோ ஆட்களின் பெயரையோ அவர் எழுதவில்லை. பழிவாங்குவது அவர் நோக்கம் இல்லை. பயிற்சி இல்லாத ஆட்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் எந்த மருத்துவமனையிலும் இப்படித்தான் நடக்கும் என்றே காட்ட விரும்பினார்.

அதே 1908-ல்தான் நம் பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இங்கே ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கிய குள்ளச்சாமியைத் தன் குருவாக ஏற்றுக் கவிதையிலும் எழுதிவைத்தார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

புத்தகம் வந்த இரண்டே மாதத்தில், மே 1908-ல், பியர்ஸ் தன் மாநிலத்தில் மனநலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மறு வருடம் பிப்ரவரியில் நாடு முழுமைக்கும் ஒரு குழு உருவானது. பெயர் பெரிது, பணப்பெட்டி காலி! மூன்று வருடம் கடன் வாங்கித்தான் காலத்தை ஓட்டினார் பியர்ஸ். பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற செல்வந்தர் 50,000 டாலர் கொடுத்தார். வேலை சூடு பிடித்தது. மனநல மருத்துவமனைகளை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். 1913-ல் நியூ ஹேவனில் மனநலத்துக்கென்று ஒரு கிளினிக் வந்தது. அங்கேயே தங்க வேண்டாம், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். 1930-ல் வாஷிங்டனில் நடந்த முதல் உலக மனநல மாநாட்டுக்குப் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். கையைக் கட்டிப்போட்ட அந்த மனிதர்தான் மாநாட்டுச் செயலாளர்!

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். குழுவில் மருத்துவர்களின் கை ஓங்கியது. அவர்கள் ஆதரவு போய்விடக் கூடாதே என்று பியர்ஸ் தன் காரமான பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவரைப் போல நோயிலிருந்து மீண்டவர்கள் பலரும் குழுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. 1970-களில்தான் அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் தாங்களாகவே சங்கங்கள் வைத்தார்கள். ஜூடி சேம்பர்லின் என்ற பெண்மணி 1978-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

நம் பக்கம் என்ன நடந்தது? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. மனநலம் பாதித்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த இடம் அது. ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். நாடே அதிர்ந்தது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலம் பாதித்த எவரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை போட்டது. அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. புதுச்சேரி ஆனாலும் தமிழ்நாடு ஆனாலும், அரசு அமைக்கும் மனநல ஆணையத்தில், நோய் வந்தவர்கள் அல்லது வந்து மீண்டவர்கள் சார்பில் இருவருக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பக்கத்தில் அவர்களுக்கும் நாற்காலி!

உங்களில் யாருக்காவது மனதுக்குள் பயம் அழுத்தினால், பியர்ஸ் மாதிரி ஆறு வருடம் சுமக்காதீர்கள். அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணை எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநலத்துக்கென்று தனித் துறை இருக்கிறது.

பியர்ஸுக்கு 1939-ல் மீண்டும் உடல்நலமும் மனநலமும் கெட்டன. பழையபடி தானே மருத்துவமனையில் சேர்ந்தார். 1943-ம் ஆண்டு ஜூலை 9-ம் தேதி அங்கேயே காலமானார்.

பத்து வருடம் கழித்து அவருடைய அமைப்பின் வாரிசாக வந்த சங்கத்தார் ஒரு வேலை செய்தார்கள். நாடெங்கும் உள்ள பழைய மனநல விடுதிகளில் துருப்பிடித்துக் கிடந்த கைவிலங்குகள், கால்சங்கிலிகள் எல்லாவற்றையும் சேகரித்தார்கள். 1953-ல் பால்டிமோர் நகரத்து வார்ப்பாலையில் அவற்றை உருக்கி அச்சில் ஊற்றினார்கள். சுமார் 136 கிலோ எடையில் ஒரு மணி கிடைத்தது. அடித்தால் கணீரென்று ஒலித்தது.