பறவையியலறிஞர் சாலிம் அலி

கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளியில், வெள்ளாமை விளைந்து கதிர் முற்றும் காலங்களில், வாப்பாவுடன் காவல் வாடியில் தங்கியிருந்த சிறுபிராயத்து நாட்கள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கதிரிலே வந்திறங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டத்தைக் கவண்கொண்டு விரட்டுவதே எனக்கிடப்பட்ட பணி. வாய்க்காலோரத்து மரங்களில் தொங்கிய அக்குருவிகளின் கூடுகளுட் பல, முழுமை பெறாமல் பாதியிலேயே நின்றிருக்கும். சோம்பற் குருவிகள் கைவிட்டவை அவை என்று பெரியவர்கள் கூறினர்; நானும் நம்பினேன். அந்த அரைகுறைக் கூட்டின் பொருளை எனக்கு உணர்த்தியது, ஆசிரியத் தொழிலில் அமர்ந்த பின்னர் நான் கற்ற சாலிம் அலியின் வாழ்க்கையாகும்.

அவர் 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்திற் கடைக்குட்டியாகப் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தாய் தந்தையர் இருவரையும் இழந்த அவரைத் தாய்மாமனான அமீருத்தீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். வேட்டைப் பிரியரான அவருடைய வீட்டில், காற்றுத் துப்பாக்கியாற் சிட்டுக்குருவி சுடுவது சிறுவனின் பொழுதுபோக்காயிற்று. ஒருநாள் வீழ்ந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் தீட்டினாற்போல் இருந்தது. இஃது உண்ணத் தக்க பறவைதானா என்ற ஐயம் எழவே, மாமனிடம் ஓடினான். மாமனாலும் அதனை இன்னதென்று கூற இயலவில்லை. அவர் தந்த அறிமுகக் கடிதத்துடன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் சென்றான் சிறுவன். அந்த வெள்ளைக்காரர் குருவியின் பெயரைக் கூறியதோடு நில்லாமல், பேழை பேழையாக வைத்திருந்த பறவை உடல்களையும் திறந்து காட்டினார். அன்று அச்சிறுவனுக்குத் திறந்த வாயில் பின்னர் அடைபடவேயில்லை.

எனினும் வாழ்க்கை அவருக்கு எளிதாக வழிவிடவில்லை. பர்மாவிற் குடும்பத்தாரின் வாணிபத்தைக் கவனித்தார், அது நொடித்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால், விரும்பிய அரசாங்கப் பதவியும் கைகூடவில்லை. பெர்லின் சென்று ஸ்ட்ரேஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930 ஆம் ஆண்டில் மீண்டபோது, முன்பு அருங்காட்சியகத்தில் வகித்த சிறு பதவியும் ஒழிக்கப்பட்டிருந்தது. வேலையற்ற நிலையில், மனைவி தெஹ்மினாவுடன் கீஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்திற் குடியேறினார். அங்கேதான் தூக்கணாங்குருவி அவர் கண்ணிற்பட்டது.

மாதக்கணக்கில் நாள்தோறும் அமர்ந்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்துகிறது. பேடு வந்து உள்ளே புகுந்து சோதிக்கிறது. பேட்டுக்குப் பிடித்தாற் கூடு நிறைவு பெறும். பிடிக்காவிட்டால் அப்படியே தொங்கும். ஒன்றை முடித்த ஆண், அடுத்த கூட்டைத் தொடங்கி வேறு பேட்டை எதிர்நோக்கும். எங்கள் வாய்க்காலோரத்திலும் இதுவே நிகழ்ந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் உற்று நோக்கவில்லை.

1939 ஆம் ஆண்டில் மனைவியை இழந்த துயரத்தையும் அவர் உழைப்பினாலேயே தாங்கினார். 1941 இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல், சாதாரண மனிதரையும் பறவை நோக்குவோராக்கிற்று. தோட்டத்துரைமாரும் வனத்துறையினரும் ஆசிரியரும் கழகத்துக்கு எழுதியனுப்பிய குறிப்புகளைப் பொன்னேபோற் போற்றினார். 1960களில், வலசை வரும் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிடும் பணியை முன்னின்று நடத்தினார். கண்டெடுத்தோர் கழகத்துக்கு அறிவிக்க வேண்டுமென்று அவ்வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதனைக் காண்பவன் மீனவனாயினும் வேடனாயினும், அவன் தரும் செய்தி அறிவியலுக்கு வேண்டியதே.

இராசத்தானத்திலுள்ள பரத்பூர் நீர்நிலை முன்னர் அரசர்களின் வேட்டைக்களம். 1938 நவம்பர் 12 ஆம் நாள், சாலிம் அலியின் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளன்று, அங்கே 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. எங்கள் கரையின் தெற்கேயுள்ள குமணை பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில் என்பது நினைக்கத் தக்கது. பரத்பூரைக் காக்கப் பெரிதும் உழைத்தவர் சாலிம் அலி. அங்கே கால்நடை மேய்தல் பறவைகளுக்குக் கேடு என்று கருதினார். 1982 இல் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. கிராமத்தார் கொதித்தெழுந்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஆனால், அவருடைய கழகமே பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. எருமைகள் இல்லாத நீரிற் புல் மண்டி, பறவைகள் குறைந்தன. ஆய்வு நிறைவுறுமுன், 1987 இல், அவர் காலமாகிவிட்டார். பேரறிஞரின் கருத்தாயினும் கண்டெழுதிய கணக்கின்முன் பணிந்தே ஆகவேண்டும் என்பதை அவர் கட்டிவளர்த்த நெறியே நிறுவியது. இதனால் அவர் பெருமை குன்றியதாக நான் கருதவில்லை. குறைபட்டது, அம்மக்களையும் முன்னரே கேட்டறியாத அவசரம்.

அவர் மறைந்த அதே 1987 இல், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிற்று. ஆண்டுதோறும் சனவரியில், ஊதியம் கருதாத மனிதர் குளக்கரைகளில் நின்று எண்ணி எழுதுகின்றனர்.

நான் கவணுடன் திரிந்த தாழ்வயல்களிற் சில, பின்னர் மண்ணிட்டு நிரப்பப்பட்டு மனைகளாயின. அங்கே இருந்த பறவைகள் எவை, எத்தனை என்று ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரியும் இல்லை. பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்த நான், அதனை எழுதிவைக்கவில்லை. எழுதப்படாத இடத்துக்காக வாதாடுவது அரிது.

ஆசிரிய நண்பர்களுக்கு நான் விண்ணப்பிப்பது இதுவே: பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாள், இடம், பறவை, எண்ணிக்கை என்னும் நான்கும் அதிற் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதட்டும். பம்பாயிற் சிறுவன் ஒருவன் கொண்டுசென்ற கேள்வியும் பெயர் தெரியாத ஒரு குருவியைப் பற்றியதே.